டாக்டர் வில்லியம் ஹெபர்டன்

சின்னக் காஞ்சிபுரத்திலே வரதராஜப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் அத்திகிரி என வழங்கும் மேட்டின்மீது ஏறுதற்கு 24 படிகளைக் கடத்தல் வேண்டும். இளைஞர் ஒரே மூச்சில் ஏறிவிடுவர். ஆனால் ஐம்பது கடந்தவருள் யாரேனும் ஒருவர் பாதிப் படியில் நின்று, மார்பில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாகச் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு ஒன்றும் நேராதவர்போல மேலே ஏறிச் செல்வதை அவ்வூரிற் பிறந்து வளர்ந்த யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். உடன் வந்தோர் மூப்பென்று எண்ணிக் கடந்து போவர். நின்றவரும் தரிசனம் முடிந்து வீடு சேர்வதற்குள் அதனை மறந்துவிடுவர். இவ்வாறு நடுவழியில் நிற்றலுக்கு ஒரு பொருள் உண்டு என்றும், அஃது ஒரு தனி வியாதியின் முதல் அடையாளம் என்றும் தெளிவுற எடுத்தெழுதிய முதல் வைத்தியர், இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் லண்டன் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹெபர்டன் என்பவர். இருதய நோயாளர் எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு வேலை செய்யலாம் என்று அளந்து கூறும் இயன்முறை மருத்துவர்கள் இன்று கேட்கும் கேள்விகளிற் பாதி இவர் கேட்டவையே. ஆதலின் இவருடைய சரித்திரத்தை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம்.

ஹெபர்டன் 1710-ஆம் ஆண்டு லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள ஸதர்க் என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் ஒரு விடுதி நடத்தி வந்தவர். செல்வமும் குலப் பெருமையும் இல்லாத அக்குடும்பத்துச் சிறுவன் இலவசக் கல்விச் சாலையிற் படித்துத் தேறி, 1724-இல், பதினான்கு வயதளவில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். லத்தீனும் கிரேக்கமும் அவருக்குத் தாய்மொழிபோல் ஆயின. அக்கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்து, வைத்திய சாஸ்திரம் பயின்று, 1739-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மாணவர்க்கு மருந்துச் சரக்குகளின் குணாகுணங்களைக் கற்பிப்பது அங்கு அவர் மேற்கொண்ட பணி. அக்காலத்து ஐரோப்பாவிலே தீரியகம் என்றொரு லேகியம் எல்லா விஷத்துக்கும் எல்லா நோய்க்கும் முறிவென்று கொண்டாடப்பட்டு வந்தது. விரியன் பாம்பின் இறைச்சி முதல் அபின் வரை அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளைக் கூட்டிச் செய்வது அது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாயினும் அதனாற் பயனில்லை என்று ஹெபர்டன் 1745-இல் ஒரு சிறு நூல் எழுதினார். முன்னோர் சொன்னார் என்னும் ஒன்றே ஒரு மருந்துக்குப் போதிய சான்றாகாது என்னும் அவருடைய உறுதி அச்சிறு நூலிலேயே விளங்குகின்றது. நம் நாட்டிலும் இத்தகைய நூல்களுக்கு இன்னும் வேலை உண்டு.

1748-இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். வெகு சீக்கிரத்தில் அந்நகரத்துத் தலைசிறந்த வைத்தியருள் ஒருவரானார். அவருடைய பெருமைக்குக் காரணம் புதிய மருந்து ஒன்றுமன்று, ஒரு வழக்கமே. நோயாளியின் கட்டிலருகே இருக்கும்போதே கண்டதையும் கேட்டதையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மாதந்தோறும் அக்குறிப்புகளை ஆராய்ந்து, நினைவிற் கொள்ளத்தக்கவற்றை அந்தந்த நோயின் தலைப்பின் கீழ் வேறொரு பெரிய புத்தகத்திற் பெயர்த்தெழுதுவார். நினைவிலிருந்து எழுதுவதில்லை. இவ்வாறே நெடுங்காலம் எழுதினார். அந்நாளில் நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பு இல்லை. அதனைப் பிரான்ஸ் தேசத்து லேனெக் கண்டுபிடித்தது 1816-இல்தான். இரத்த அழுத்தமானியும் இல்லை. இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாய் வரைந்து காட்டும் கருவியும் இல்லை. வைத்தியருக்கு இருந்தவை கண், காது, நாடி பார்க்கும் விரல், பொறுமை ஆகிய இவையே. சிற்றம்மை என்னும் நீர்க்கொளுவான் வேறு, பெரியம்மை வேறு என்று 1767-இல் அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டியதும் இவற்றைக் கொண்டே.

அவருடைய குணத்தைக் காட்டும் நிகழ்ச்சிகள் பல. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் இருந்தபோது இருவரும் கூடி, பெரியம்மைக்குப் பாலூட்டிக் குத்துதல்பற்றிச் சாமானிய மக்களுக்கென ஒரு சிறு புத்தகம் 1759-இல் வெளியிட்டு இலவசமாய் வழங்கச் செய்தனர். அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன் வீக்கமும் மூச்சுத்திணறலுமாய்த் தம் கடைசி நாட்களைக் கழித்தபோது, ஹெபர்டனும் வேறு சில வைத்தியரும் கூலி வாங்காமல் அவரைப் பார்த்து வந்தனர். பண்டை ரோமானியப் பெருமக்களின் வரிசையிற் கடைசியானவர் என ஜான்சன் அவரைச் சிறப்பித்தார். கானியர்ஸ் மிடில்டன் என்னும் அறிஞர் இறந்தபின், ஜபத்தாற் பயனில்லை என்று அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை அவர் மனைவியார் ஹெபர்டனிடம் கொண்டுவந்தார். இவர் தம் கைப்பணத்தை அவ்வம்மையாருக்குக் கொடுத்து அதனை வாங்கித் தீயிலிட்டார். பக்தியினாற் செய்ததுதான், எனினும் ஓர் அறிஞரின் எழுத்தை எரித்தது சரியென்று எம்மாற் சொல்லக்கூடவில்லை. மறுமொழி எழுதியிருக்கலாம்.

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய செய்திக்கு வருவோம். 1768-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள், லண்டன் வைத்தியர் கழகத்தின் கூட்டத்தில் ஹெபர்டன் ஒரு கட்டுரை வாசித்தார். மிக நீண்டதன்று. மார்பில் உண்டாகும் ஒரு நோயைப்பற்றியது. அதுவரை அவர் ஏறத்தாழ இருபது பேரிடம் அதனைக் கண்டிருந்தார். அந்நோயினர் நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவு கொண்டவுடன் நடக்கும்போதும், மார்பிலே பொறுக்கொணாத ஒரு வேதனை பற்றிக்கொள்கின்றது. இன்னும் சிறிது நேரம் நீடித்தால் உயிரே போய்விடும்போல் தோன்றுகின்றது. ஆனால் நின்ற அக்கணமே அஃது அடியோடு மறைந்துவிடுகின்றது. மற்றெல்லா வகையிலும் அவர்கள் சுகமாயிருக்கின்றனர். தொடக்கத்தில் மூச்சுத்திணறலும் இல்லை. வேதனை பல வேளைகளில் இடக்கைக்கும் பரவுகின்றது. சில மாதங்கள் சென்றால் நின்றாலும் உடனே தணிவதில்லை. பிறகு படுத்திருக்கும்போதும் வருகின்றது. மலங்கழிக்க முக்கினாலும், இருமினாலும், மனம் கலங்கினாலும்கூட வருகின்றது. கடைசியிற் பலர் திடீரென இறந்து வீழ்கின்றனர். நெரித்தல் என்னும் பொருள் தரும் லத்தீன் சொல்லால் அஞ்சைனா பெக்டோரிஸ் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். மார்பு நெரிப்பு என்று நாம் சொல்லலாம். கட்டுரை 1772-இல் அச்சாயிற்று.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனின், வலி எங்கே என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. என்ன செய்யும்போது வருகின்றது, எவ்வளவு செய்தபின் வருகின்றது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்திற் போகின்றது, சென்ற ஆண்டு எப்படி, இவ்வாண்டு எப்படி என்று கேட்டார். படுத்திருக்கும் உடம்பையன்றி உழைக்கும் உடம்பையே அவர் சோதித்தார் என்க. நோயாளர் சிலருக்கு வேதனை வந்த வேளையிலேயே நாடி பார்த்து, அது மாறவில்லை என்றும் எழுதி வைத்தார். நாடி ஒழுங்காயிருப்பதனால் நோயில்லை எனக் கொள்ளலாகாது என்பதற்கு இது பழைய சான்று.

அவர் தவறியதும் உண்டு. பிற்காலத்தில் அவர் கண்ட நோயாளர் தொகை நூறளவாயிற்று; அவருள் மூவரே பெண்கள் என எழுதினார். இஃது அவர் கண்டதற்கு உண்மையான கணக்கே. ஆயினும் மார்பு நெரிப்பு ஆடவர் நோய் என்னும் எண்ணம் வைத்தியரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. பெண்களுக்கும் நீரிழிவுடையார்க்கும் இந்நோய் மார்வலியாக வாராமல், களைப்பாகவோ மூச்சிரைப்பாகவோ முதுகிலும் தாடையிலும் ஒரு பாரமாகவோ வருதல் உண்டு என்பது மிகப் பிந்தியே பரவலாக உணரப்பட்டது. நம் வீடுகளில் அடுப்படியிற் களைத்து உட்காரும் தாய்மாரை இன்றும் யார் கேட்கின்றனர்?

நோயின் காரணமும் அவருக்கு விளங்கவில்லை. ஏதோ ஓர் இசிவு என்றே கருதினார். கட்டுரையின் சுருக்கத்தை ஒரு பத்திரிகையிற் படித்த ஒருவர், பெயர் குறிப்பிடாமல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐம்பதைக் கடந்தவர். தமக்கும் இதே நோய் உளதென்றும், தாம் திடீரென இறந்தால் தம் உடலைத் திறந்து பார்த்துக் காரணம் கண்டறிந்து பிறருக்கு உதவவேண்டுமென்றும் அதில் வேண்டிக்கொண்டார். மூன்று வாரத்திற்குள் அவர் இறந்தார். பேர்பெற்ற ரண வைத்தியர் ஜான் ஹன்டர் பிரேதப் பரிசோதனை செய்தார். இருதயத்திற்கே இரத்தம் ஊட்டும் சிறு குழாய்களை அவர் அறுத்துப் பார்க்கவில்லை. ஆதலால் விடை கையருகே இருந்தும் தப்பிவிட்டது. இதனினும் இரக்கத்திற்குரியது, ஹன்டருக்கே பின்னர் அந்நோய் வந்தது. அவருடைய மாணாக்கராகிய எட்வர்ட் ஜென்னர், அம்மைப்பால் குத்துதலால் உலகப் புகழ் பெற்றவர், அச்சிறு குழாய்கள் தடித்து இறுகுதலே காரணம் என்று ஊகித்துக்கொண்டார். ஆனால் தம் ஆசிரியரின் உயிர் நிலையை ஊருக்கு உரைத்ததாகும் என்று அஞ்சி வாளாவிருந்தார். 1793-ஆம் ஆண்டு அக்டோபரில், செயின்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் நடந்த ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியபோது ஹன்டர் இறந்தார். திறந்து பார்த்ததில் குழாய்கள் எலும்புபோல் இறுகியிருந்தன. ஜென்னரின் ஊகத்தைக் காலெப் பாரி என்னும் வைத்தியர் 1799-இல் தம் நூலில் வெளியிட்டார்.

சிகிச்சை வகையில் ஹெபர்டன் கூறியவை சிலவே: ஓய்வு, உடற்சூடு, சிறிது மது, இரவில் அபின். ஆனால் அவற்றோடு ஒரு சிறு வாக்கியத்தையும் எழுதி வைத்தார். அவர் அறிந்த நோயாளர் ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்கு ஒரு வேலையாக விதித்துக்கொண்டு செய்துவந்தார், ஏறக்குறையக் குணமுமடைந்தார். அவ்வளவே. அவர் பெயரோ ஊரோ அங்கில்லை. நடந்தால் வலி வரும் நோயில், மரம் அறுத்தவருக்கு வலி நீங்குவானேன்? ஹெபர்டனுக்குத் தெரியவில்லை, தம் கொள்கைக்கு ஒத்ததுமன்று. ஆயினும் அடித்துவிடாமல் எழுதினார். மிடில்டனின் பிரதியை எரித்த அதே கை, தனக்கு விளங்காத இச்செய்தியைப் பாதுகாத்தது.

அவ்வாக்கியத்தை உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. டப்ளின் நகர வைத்தியர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-இல் இருதய நோயாளர் சிலரைப் படிப்படியாக நடக்கப் பழக்கலாம் என்று எழுதினார். ஜெர்மனியில் எர்டெல் என்பவர் 1885-இல் சரிவு அளந்து குறித்த மலைப்பாதைகளில் நோயாளரை ஏறச் செய்தார். எனினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுதும், மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரையிற் படுக்கையிலேயே கிடத்தி, தாமாகப் புரளவும் விடாது காத்தனர். கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து அதனாலேயே இறந்தவர் பலர்; பிழைத்தவரும் தளர்ந்து பயனற்றவராயினர். அமெரிக்காவில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்ததே 1952-இல் ஒரு பெரும் புரட்சியாய்த் தோன்றியது! அதன்பின் வேகம் மிகுந்தது. சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் 1963-இல், ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டு மூன்று நிமிஷத்திற்கொருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டும் சோதனை முறையை வெளியிட்டார். மரம் அறுத்தவரின் வைத்தியம் கடைசியில் வைத்தியசாலைக்குள் வந்து சேர்ந்தது.

இன்று இருதய நோயாளர் ஒருவர் இயன்முறை மருத்துவரிடம் வந்தால் நடப்பது யாது? முதலில் உட்காரவைத்து நாடியும் இரத்த அழுத்தமும் மூச்சும் பார்ப்பர். கணைக்காலை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகின்றதா என்று காண்பர். இரவில் எத்தனை தலையணை வேண்டும், சில நாட்களில் உடல் எடை திடீரென ஏறியதா, எத்தனை படி ஏறினால் நிற்க நேர்கின்றது என்று கேட்பர். ஓய்வில் நாடி நிமிஷத்திற்கு 120-க்கு மேலோ, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 180-க்கும் கீழ் எண் 100-க்கும் மேலோ இருந்தால் நடக்கவிடத் தயங்குவர். ஒரு மாதத்திற்குள் ஓய்விலேயே மார்வலி வந்திருந்தால் நடக்கவிடவே மாட்டார். குறையொன்றும் இல்லையெனில், 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் தம் விருப்பமான வேகத்தில் போய்வரச் செய்வர். வேண்டுமிடத்து நிற்கலாம்; ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. மார்வலியோ தலைச்சுற்றலோ தாங்கொணா மூச்சிரைப்போ வந்தால் சோதனையை உடனே நிறுத்துவர். நடந்த தூரத்தைக் குறிப்பதோடு, எவ்வளவு சிரமமாயிருந்தது என்று நோயாளரையே ஓர் எண்ணாற் சொல்லச் செய்வர். ஸ்வீடன் தேசத்துக் குன்னார் போர்க் வகுத்த அவ்வெண் வரிசை 6-இல் தொடங்கி 20-இல் முடியும். நாடித் துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரிடம் நாடி சரியான சாட்சியாகாமையால், அவ்வேளையில் இவ்வெண்ணே துணை. நோயாளியின் வாய்ச்சொல்லைச் சோதனையாகவே மதிக்கும் இவ்வழக்கத்தைக் கண்டால் ஹெபர்டன் மகிழ்ந்திருப்பார் என்று யாம் நினைக்கின்றோம்.

ஆயினும் இச்சோதனை ஒன்றே எம் ஊர் மக்களுக்குப் போதாது. பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் நாள் முழுதும் நடப்பவர் அல்லர். குழித்தறியிற் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவர். மிதியை மிதித்து, நாடாவை எறிந்து, ஒவ்வோர் ஊடைக்கும் அச்சுப்பலகையைத் தம் மார்பை நோக்கி இழுத்து அடிப்பவர். கோர்வைச் சேலையாயின் மூன்று நாடா ஓடும். பக்கத்தில் உதவியாளும் இருப்பார். உழைப்பு பெரிதும் கைகளுடையது. ஒரே அளவு வேலையைக் கால்களாற் செய்வதினும் கைகளாற் செய்யும்போது நாடியும் இரத்த அழுத்தமும் மிகுதியாய் ஏறும் என்பது அளந்தறிந்த உண்மை. ஆதலால் ஆறு நிமிஷத்தில் நெடுந்தூரம் நடந்த நெசவாளர் தறியில் அரைமணி அமர்ந்தபின் மார்பைப் பிடிக்கக்கூடும். இதற்கு மாறாக, முழங்கால் நோவினால் சிறு தூரமே நடந்தவர் தறியில் இடரின்றி நெய்யவும் கூடும். மார்பெலும்பைப் பிளந்து ரண சிகிச்சை செய்துகொண்டவர்க்கோ, எலும்பு கூடும் ஆறு முதல் எட்டு வாரம் வரையில் அப்பலகையை இழுத்தலே ஆகாது. குழியிலிருந்து கையூன்றி எழுதலும் ஆகாது.

இங்கேதான் மரம் அறுத்தவர் மீண்டும் நினைவுக்கு வருகின்றார். வாள் இழுத்தலும் பலகை இழுத்தலும் கைவேலையே. நாள்தோறும் அரைமணி என்று அவர் தமக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டார். அந்த அளவே மருந்தாயிற்று. நெசவாளருக்கும் அவ்வாறே முதலிற் சில நிமிஷம், பிறகு சிறிது மிகுதி என்று அளந்து கொடுக்கலாம். ஆனால் அளப்பவர் தறியை ஒருமுறையேனும் கண்டிருத்தல் வேண்டும். இழுக்கும் பாவனையில் கைக்குப் பாரம் கொடுத்து நாடி பார்த்தல் வேண்டும். எத்தனை அடி நடந்தபின் என்று கேட்பதோடு, எத்தனை ஊடைக்குப்பின் என்றும் கேட்டல் வேண்டும். கேளாமலே இனித் தறியில் உட்காராதே என்று சொல்லிவிடுதல் எளிது. பெரும்பாலும் சேலை முடிந்தாலன்றிக் கூலி காணாத ஒரு குடும்பத்தில், அச்சொல் என்ன செய்யும் என்பதைச் சொல்பவர் அறிவதில்லை. கேளாமலே போய் நெய் என்று சொல்லுதலோ உயிருக்கே கேடு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதற்கே இச்சோதனைகள் எல்லாம்.

ஹெபர்டன் தம் எழுபதாம் வயதுக்குப்பின் மெல்ல மெல்லத் தொழிலைக் குறைத்துக்கொண்டு, கோடைக்காலத்தை வின்ட்சரிற் கழித்தார். ரோம நாட்டுத் தெய்வக் கன்னியர் தம் ஆயுளை மூன்று கூறாக்கி, கற்றல், செய்தல், கற்பித்தல் என்று கழித்தனராம். புளூடார்க் கூறிய இச்செய்தி வைத்தியருக்கும் பொருந்தும் என்று எண்ணி, 1782-இல் தம் பழைய குறிப்புப் புத்தகங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு லத்தீனில் ஒரு நூல் செய்தார். தாம் உயிரோடிருக்கும்வரை அதனை அச்சிடவில்லை. மரம் அறுத்தவர் செய்தி உள்ளது அந்நூலில்தான். 1801-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், தொண்ணூறு நிறைந்தவராய், அவர் லண்டனிற் காலமானார். உடல் வின்ட்சர் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. தந்தையின் பெயரையே தாங்கியவரும் தாமும் வைத்தியருமான அவர் மகனார் அடுத்த ஆண்டிலேயே அந்நூலை லத்தீனிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்.